பேஜ் நகரில் இருண்டுபோன ஃப்ரிட்ஜ்

கதவைத் திறந்தேன். உள்ளே விளக்கு எரியவில்லை. அந்த நொடியில் பாலும் மாவும் நினைவுக்கு வரவில்லை. கதவுத் தட்டில் அம்மாவின் பிரிக்காத இன்சுலின் பேனாக்கள் மூன்று இருந்தன. அம்மா ஊர் திரும்ப இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. வெளியே அரிசோனாவின் ஜூலை வெயில், 36 டிகிரியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

அம்மாவும் அப்பாவும் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார்கள். விமானத்தில் பறந்து ஓட்டலில் தங்கி ஊர் பார்ப்பது அவர்களுக்குச் சரிப்படாது. அதனால் பழைய ஆர்வி ஒன்றை, அதாவது சக்கரத்தில் ஓடும் வீடு ஒன்றை, வாங்கியிருந்தோம். 34 அடி நீளம். அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் உண்டு. ஃபீனிக்ஸிலிருந்து ஃபிளாக்ஸ்டாஃப் வழியாக 89-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே வந்து, கிளென் கேன்யன் அணைக்குப் பக்கத்தில் பேஜ் நகரின் முகாம் ஒன்றில் இரண்டு இரவு தங்கினோம். இரண்டாம் நாள் விடியலில் ஹார்ஸ்ஷூ பெண்ட் போனோம். ஆயிரம் அடிக்குக் கீழே கொலராடோ ஆறு பச்சையாக வளைந்து திரும்பும் இடம் அது. விளிம்பில் நின்ற அப்பா வெகுநேரம் பேசவே இல்லை. திரும்பி வந்து மோர் எடுக்கப் போனபோதுதான் ஃப்ரிட்ஜ் இருண்டு கிடந்தது.

பழைய ஆர்விகளில் சமையல் வாயுவிலும் ஓடும் ஃப்ரிட்ஜ் இருக்கும். அதில் கம்ப்ரசர் கிடையாது. அம்மோனியாவைச் சூடாக்கிக் குளிரூட்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தாவிட்டால் அது பழுதாகும். எங்கள் வண்டியின் முந்தைய உரிமையாளர் அதை எடுத்துவிட்டு வீட்டு ஃப்ரிட்ஜையே பொருத்தியிருந்தார். இடம் அதிகம், குளிரும் சீக்கிரம் வரும். ஆனால் அதற்கு 120 வோல்ட் மின்சாரம் இல்லாமல் முடியாது. முகாமில் நிற்கும்போது வெளி மின்சாரம். ஓடும்போதும் காட்டில் நிற்கும்போதும் பேட்டரியும் இன்வர்ட்டரும். மறுநாள் இரவு நாங்கள் தங்க நினைத்த லோன் ராக் என்ற ஏரிக்கரையில் மின் இணைப்பே கிடையாது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் கிளம்ப முடியாது.

நான் முதலில் செய்தது சரியான காரியம் என்று இப்போதும் நினைக்கிறேன். ஃப்ரிட்ஜின் பிளக் மேல் அலமாரிக்குள் இருந்தது. அதைப் பிடுங்கி, படுக்கையறைச் சாக்கெட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்துச் செருகினேன். விளக்கு எரிந்தது. சற்று நேரத்தில் கம்ப்ரசர் முனகியது. ஆக, ஃப்ரிட்ஜ் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்கு வரும் மின்சாரம்தான் வரவில்லை. இதைச் செய்யாமல் ஃப்ரிட்ஜை இழுத்துப் போட்டுப் பின்பக்கம் திறப்பவர்கள் ஒரு நாளையே வீணாக்குகிறார்கள்.

அப்பா மின்வாரியத்தில் வயர்மேனாகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வு பெற்றவர். இதுவரை வாசல் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார்.

“ஏம்மா, இது ஒன்றுக்குத்தான் கரண்ட் இல்லையா? கூட எது எதுக்கு இல்லை என்று பார்த்தாயா?”

பார்க்கவில்லை. நம் ஊரில் கரண்ட் போனால் முதலில் என்ன செய்வோம்? வாசலுக்கு வந்து பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதா என்றுதான் பார்ப்போம். தெரு முழுக்கப் போயிருந்தால் டிரான்ஸ்ஃபார்மர், சில வீடுகளில் போயிருந்தால் ஒரு ஃபேஸ், நம் வீட்டில் மட்டும் என்றால் நம் ஃபியூஸ். பிறந்ததிலிருந்து தெரிந்த இந்தக் கணக்கை இங்கே வந்து இருண்ட பெட்டியையே வெறித்துக்கொண்டு மறந்திருந்தேன்.

கைபேசி சார்ஜரை எடுத்துக்கொண்டு சாக்கெட் சாக்கெட்டாகப் போனோம். சமையல் மேடையில் இரண்டும் செத்திருந்தன. தொலைக்காட்சிக்கு இல்லை. படுக்கையறையில் இருக்கிறது. மைக்ரோவேவ் ஓடுகிறது. கூரையில் இருக்கும் இரண்டு ஏசியும் ஓடுகின்றன.

“ஒரு ஃபேஸ் போயிருக்குமோ?” என்றார் அப்பா. நல்ல சந்தேகம். 50 ஆம்பியர் இணைப்பின் பிளக்கில் நான்கு முனைகள். இரண்டு உயிர்க்கம்பி, ஒரு நியூட்ரல், ஒரு எர்த். ஒவ்வோர் உயிர்க்கம்பியும் 120 வோல்ட் தருகிறது. முகாமின் மின்பெட்டியில் ஒன்று விடுபட்டால் வண்டியில் பாதி இருண்டுவிடும். ஆனால் எங்கள் பிரேக்கர் பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்த படத்தில், முன் ஏசி ஒரு கம்பியிலும் பின் ஏசி மற்றதிலும் இருப்பதாகப் போட்டிருந்தது. இரண்டுமே ஓடுவதால் வெளி மின்சாரத்தில் குறை இல்லை. மல்டிமீட்டரை எடுக்காமலே அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

அடுத்து குளியலறைச் சாக்கெட். ‘டெஸ்ட்’, ‘ரீசெட்’ என்று இரண்டு சின்னப் பொத்தான்கள் இருக்கும். கசிவு மின்சாரம் 5 மில்லி ஆம்பியரைத் தொட்டாலே துண்டித்துவிடும். நம் வீட்டு மெயினில் இதே வேலையைச் செய்யும் ஆர்சிசிபி வழக்கமாக 30-இல்தான் விழும். பல ஆர்விகளில் சமையலறைச் சாக்கெட்டுகளும், சிலவற்றில் ஃப்ரிட்ஜும்கூட, இதன் வழியாகப் போகும். ரீசெட்டை அழுத்திப் பார்த்தோம். அது விழுந்திருக்கவே இல்லை.

அப்படியானால் சமையல் மேடை, தொலைக்காட்சி, ஃப்ரிட்ஜ் இந்த மூன்றுக்கும் பொதுவானது எது? அப்பா சட்டென்று சொன்னார்: “இது இன்வர்ட்டர் லைன்.”

நம் வீடுகளில் இன்வர்ட்டர் லைன் என்றால் நான்கு மின்விசிறி, நான்கு விளக்கு. ஃப்ரிட்ஜை அதில் சேர்க்க எலக்ட்ரீஷியன் பெரும்பாலும் சம்மதிக்க மாட்டார். இங்கே தலைகீழ், ஃப்ரிட்ஜுக்காகவே இன்வர்ட்டர். வெளி மின்சாரம் இருக்கும்போதும் அது இன்வர்ட்டருக்குள் நுழைந்து, அதே வழியாகத்தான் ஃப்ரிட்ஜுக்குப் போகிறது. வெளி மின்சாரம் நின்றால் உள்ளே ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் மாறிப் பேட்டரி எடுத்துக்கொள்ளும். எனவே முகாமில் மின்சாரம் கொட்டிக் கிடந்தாலும் இன்வர்ட்டரில் அடைப்பு என்றால் ஃப்ரிட்ஜுக்குச் சொட்டும் வராது. என்னைக் குழப்பியது அதுதான்.

சுவரில் இருந்த இன்வர்ட்டர் பலகையோ பச்சை விளக்கோடு, பேட்டரி 13.4 வோல்ட், சார்ஜ் ஆகிறது என்று காட்டியது. எல்லாம் நலம் என்று அதை நம்பியிருந்தால் மாலை வரை தேடியிருப்போம். உள்ளே வருவதைத்தான் அது சொல்கிறது, வெளியே போவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இன்வர்ட்டர், வண்டியின் பக்கவாட்டுச் சாமான் அறைக்குள் இருந்தது. “மூடியைத் திறக்காதே. இதற்கு இரண்டு பக்கமும் உயிர் உண்டு. மெயினை அணைத்தாலும் பேட்டரி இருக்கும்” என்று அப்பா என் கையை விலக்கினார். பிறகு டார்ச் அடித்தபடி குனிந்து, விரலால் அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே போனார். கீழ் ஓரத்தில் ஒரு கறுப்புப் பொத்தான், கால் அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அருகில் 15 என்று எழுதியிருந்தது. அழுத்தினார். உள்ளே, “டிவி வந்துவிட்டது மாமா!” என்று என் கணவர் குரல் கொடுத்தார்.

ஏன் விழுந்தது என்பது தெரியாமல் அப்பா நகரவில்லை. காலையில் யார் என்ன போட்டீர்கள் என்று கேட்டார். அம்மா தயங்கினார். ஐந்தேகால் மணிக்குக் காப்பிக்காகச் சமையல் மேடையில் மின்கெட்டிலைப் போட்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் அது தானாக நின்றது. கொதித்ததும் தானாக நிற்கிற கெட்டில்தானே, சரி என்று எடுத்துக் கலந்துவிட்டார். “தண்ணீர் அவ்வளவாகக் கொதிக்கவில்லையே என்று நினைத்தேன்” என்றார்.

கெட்டில் 1,500 வாட், அதாவது பன்னிரண்டரை ஆம்பியர். அதே நேரத்தில் ஃப்ரிட்ஜின் பனி உருக்கும் ஹீட்டரும் ஓடியிருக்க வேண்டும் என்பது அப்பாவின் கணிப்பு. கம்ப்ரசர் மட்டும் ஓடினால் ஓர் ஆம்பியர் சுமார். ஹீட்டர் ஓடும்போது மூன்று நான்கு. பதினைந்தைக் கொஞ்சம் தாண்டியதும் இந்தப் பிரேக்கர் உடனே விழாது. சூடேறி, சில நிமிடம் கழித்து விழும். அம்மா தலை குனிந்திருந்தார். “உன் தப்பு இல்லை. எந்தச் சாக்கெட் எந்த லைன் என்று யாரும் எழுதி வைக்கவில்லை” என்றார் அப்பா. எனக்கு உள்ளூரச் சுட்டது. அதை எழுதி வைத்திருக்க வேண்டியவள் நான்.

இனி சாப்பாட்டுக் கணக்கு. கதவைத் திறக்காத ஃப்ரிட்ஜில் நான்கு மணி நேரம் வரைதான் உணவு பத்திரம் என்பது அமெரிக்க வேளாண் துறையின் விதி. என் கைபேசி 11 என்றது. ஆனால் அது பக்கத்து யூட்டாவின் நேரத்தைப் பிடித்திருந்தது. அரிசோனா கோடைக்கு மணியை மாற்றாது. யூட்டாவும் நவஹோ நிலமும் மாற்றும். அம்மாவின் கைக்கடிகாரப்படி மணி 10. எப்படிப் பார்த்தாலும் நான்கு மணி நேரம் கடந்துவிட்டது. முதலில் பார்த்தபோதே உள்ளே இருந்த வெப்பமானி 9 டிகிரி காட்டியது. பாலையும் கோழிக் குழம்பையும் கொட்டினேன். உறைபெட்டியில் எல்லாம் கல்லாக இருந்தது. இட்லி மாவு பொங்கி நின்றது, அன்றைக்கே ஊற்றிவிட்டோம்.

இன்சுலின் பிழைத்தது. ஏசி ஓடியதால் வண்டிக்குள் 25 டிகிரிக்கு மேல் போகவில்லை. பெரும்பாலான இன்சுலின் 30 டிகிரிக்குள் 28 நாள் வரை வெளியில் தாங்கும். இருந்தாலும் அம்மாவின் மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டு, பேனாக்களில் தேதி எழுதி வைத்தேன்.

மறுநாள் லோன் ராக்கில், மணலுக்குள் போகாமல் கெட்டித் தரையில் நிறுத்தினோம். முகாமிலிருந்து கிளம்பும் முன்பே அப்பா ஒரு தாளில் கணக்குப் போட்டார். எங்கள் பேட்டரிகள் 440 ஆம்பியர்-மணி. ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும், எனவே 220. ஃப்ரிட்ஜுக்கு நாளொன்றுக்கு நூறு, இன்வர்ட்டர் சும்மா விழித்திருக்க ஐம்பது. ஓர் இரவுக்குத் தாராளம். ராத்திரி ஏரிக்கரையில் ஒரு விளக்கும் இல்லாத இருட்டு. ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்பா இரண்டு முறை எழுந்து பலகையைப் பார்த்தார்.

காலையில் எழுந்தபோது சமையல் மேடைச் சாக்கெட்டுகளிலும் தொலைக்காட்சிச் சாக்கெட்டிலும் சிவப்பாக ஏதோ தெரிந்தது. அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு. இன்வர்ட்டர் லைன் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று ஒட்டியிருந்தார். படுக்கையறைச் சாக்கெட்டில் பொட்டு இல்லை. வெளி மின்சாரம் இருக்கும் முகாம்களில் கெட்டில் இனி அங்கேதான்.