கொச்சிக்கடை அந்தோனியாருக்கு வைத்த நேர்த்தி

நாங்கள் சைவம். ஆனாலும் செவ்வாய்க்கிழமை என்றால் அம்மாவுக்குக் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார்தான். 2019 தொடக்கத்தில் எனக்கு ஒப்பரேஷன் நடந்தபோது, பிள்ளை எழும்பி நடந்தால் கூட்டிவந்து மெழுகுதிரி ஏற்றுகிறேன் என்று நேர்த்தி வைத்திருந்தார். உயிர்த்த ஞாயிறு கழியட்டும், கூட்டம் குறைந்ததும் போவோம் என்று இருந்தோம். அந்த ஏப்ரல் 21 காலையில்தான் குண்டு வெடித்தது. அந்தோனியார் கோயிலோடு சேர்த்து மூன்று தேவாலயங்கள், மூன்று ஹோட்டல்கள், 250க்கும் மேற்பட்ட உயிர்கள்.

ஜூன் 12ஆம் திகதியே, திருநாளுக்கு முதல் நாள், கோயிலைத் திருத்தித் திறந்துவிட்டார்கள். எனக்குத்தான் அங்கே போகக் கால் வரவில்லை. பஸ்ஸில் யாராவது பெரிய பையோடு ஏறினால் இறங்கிவிடுவேன். அம்மா வற்புறுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு செவ்வாயும் "அவர் காத்துக்கொண்டிருக்கிறார், மகள்" என்பார்.

போன மாதம் போய்விட்டோம். கண்டியிலிருந்து ரயிலில் நின்றபடியே வந்து கோட்டையில் இறங்கினால், ஓட்டோக்காரர் வாய் கூசாமல் மூன்று மடங்கு கேட்கிறார். வழியில் சிவன் கோயிலில் பொன்னம்பலவாணேசரைக் கும்பிட்டுவிட்டு நடந்தோம். கோயில் வாசலில் மெழுகுதிரி விற்பவர்கள் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. வெயிலில் வரிசை நகரவே இல்லை. நேர்த்தியோடு வருகிறவர்களை இப்படி அலைக்கழிக்க வேண்டுமா?

உள்ளே சுரூபத்துக்குக் கிட்டப் போனதும் எனக்கு முன்னால் ஒரு பெடியன், முதுகில் பெரிய கறுப்புப் பை. வாசலில் பையைச் சோதித்துத்தான் விட்டிருப்பார்கள், தெரியும். ஆனாலும் நெஞ்சு அடைத்துவிட்டது. அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்தேன். அவன் பையை இறக்கினான். சிப்பைத் திறந்தான். கொப்பி ஒன்றுக்குள் மடங்காமல் வைத்திருந்த ஒரு தாளை எடுத்தான். சாதாரண தரப் பரீட்சை அனுமதி அட்டை. இரண்டு கையாலும் அதைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்து, நெற்றியை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றான். முதுகு குலுங்கியது. திரும்பியபோது அம்மாவைப் பார்த்து, சிங்களம் கலந்த தமிழில், "நங்கிக்கு அம்மா, தங்கச்சிக்கு" என்றான். அம்மாவின் முழங்கையைத் தாங்கித் தன் இடத்தில் நிறுத்திவிட்டு விலகினான்.

அந்தோனியாரே, அந்தப் பிள்ளையைப் போய் நான் என்னவென்று நினைத்தேன்!

அங்கே நின்று அழுதேன். நினைவுக்கு வந்ததெல்லாம் மனிதர்கள்தான். குண்டு வெடித்த அன்று தம்பி நாரஹேன்பிட்ட இரத்த வங்கிக்கு ஓடினான். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று அவ்வளவு சனம். போதுமான இரத்தம் சேர்ந்துவிட்டது என்று இவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டோடு வந்தவனை உள்ளே விடாமல் வெளியிலேயே மறித்து உயிரைக் கொடுத்த அந்தத் தகப்பன். இத்தனை வருடமும் நான் அந்தப் பையை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேனா? இவர்களையும் எனக்குக் காட்டத்தானே கூப்பிட்டீர், கோடி நன்றி ஐயா!

மெழுகுதிரியை அம்மாவே என் கையில் தந்து ஏற்றச் சொன்னார். வெளியே வந்ததும், "என்ன கேட்டாய்?" என்றார்.

"அந்தத் தங்கச்சி பாஸாக வேண்டும் என்று."

"அட்டையில் பரீட்சைச் சுட்டெண்ணைப் பார்த்து வைத்திருக்கலாமே, மகள். பெறுபேறு வரும்போது பார்த்திருக்கலாம்."