மூன்றாவது ஆயில் சீல்

பழைய பிக்கப்பின் ஸ்டியரிங் பாக்ஸுக்குக் (ஸ்டியரிங்கின் திருப்பலைச் சக்கரங்களுக்குக் கடத்தும், ஆயில் அழுத்தம் உதவும் கியர் பெட்டி) கீழே ஆயில் சொட்டுகிறதா என்று பார்க்க விரித்த அட்டை 11 நாளாகக் காய்ந்து கிடக்கிறது. இதற்கு முன் இரண்டு முறை "முடிந்தது வேலை" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் பிறகு அசிங்கப்பட்டவன் என்பதால், இதை எழுதும்போதும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்கவே ஒரு நாள் போனது. மேலே பிரஷர் ஹோஸ் யூனியனில் கசிந்தாலும் ஆயில் பாக்ஸின் அடிக்கு வந்துதான் சொட்டும். டிகிரீசர் போட்டுக் கழுவி, காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, எஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் ஒடித்துப் பார்த்தேன். டிராப் ஆர்முக்கு (சக்கரங்களைத் திருப்பும் இணைப்புகளை நகர்த்தும் கை) மேலே, அதைச் சுழற்றும் செக்டர் ஷாஃப்ட் பாக்ஸிலிருந்து வெளியே வரும் இடத்தில்தான் பவுடர் முதலில் நனைந்தது.

டிராப் ஆர்ம் லேசில் வரவில்லை. சுத்தியலால் ஓங்கி ஒன்று போடக் கை துறுதுறுத்தது, ஆனால் அந்த அடி நேராக உள்ளே இருக்கும் குண்டுகளுக்கும் பேரிங்குக்கும் போகும். ஆர்மை இழுத்துக் கழற்றும் புல்லரை முறுக்கி அப்படியே இரவு முழுக்க விட்டேன். காலையில் ஆர்மின் பக்கவாட்டில் இரண்டு தட்டு, வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம், கழன்றுவிட்டது. நட்டை முழுதாக எடுக்காமல் நாலு மரையில் விட்டிருந்ததால் என் கால் தப்பியது.

நான் போட்ட முதல் சீல் (ஷாஃப்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) என் அவசரத்துக்குப் பலி. ஷாஃப்ட் நுனியில் இருக்கும் ஸ்பிளைன் பற்கள் மேல் டேப் சுற்றாமல் தள்ளினேன், சீலின் உள் உதடு கிழிந்து ஒரு வாரத்தில் சொட்டு. அதை வெளியே எடுக்கப் பலர் சொல்லும் வித்தையையே செய்தேன்: சீலைப் பிடித்து நிறுத்தும் சர்க்ளிப் வளையத்தை எடுத்துவிட்டு எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டி, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் கடைசிவரை ஒடித்தால் உள் அழுத்தமே சீலைத் துப்பிவிடும். துப்பியது. சட்டி வைத்த இடத்தை விட்டுவிட்டு என் சட்டையில். இரண்டாவது சீலுக்கு டேப், கிரீஸ் எல்லாம் முறையாகப் போட்டும் ஒன்றரை மாதம்தான் தாங்கியது.

அப்புறம்தான் தம்பியை உட்காரவைத்து ஸ்டியரிங்கை லேசாக ஆட்டச் சொல்லிவிட்டு, கீழே படுத்து ஷாஃப்டையே பார்த்தேன். திரும்புவதற்கு முன் பக்கவாட்டில் ஒரு அசைவு! இதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். எவ்வளவு நல்ல சீலாக இருந்தாலும் தள்ளாடும் ஷாஃப்டோடு அதன் உதடு எத்தனை நாள் ஓடும்?

பாக்ஸை இறக்கி, பக்க மூடியோடு ஷாஃப்டை உருவ அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். ஸ்டியரிங் சரியாக நடுவில் இருந்தால்தான் செக்டர் பற்கள் வெளியே வரும் என்பது மறந்தே போயிருந்தது. ஊசி பேரிங்கின் உருளைகளில் குழி விழுந்திருந்தது, மாற்றினேன். ஷாஃப்டில் சீலின் உதடு உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டினால் சிக்கும் அளவுக்கு ஒரு பள்ளம். 600 எமரி தாள் துருவை எடுக்கும், பள்ளத்தை எடுக்காது. அதன் மேல் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் (குழல் மாதிரி உறை) ஏற்றினேன். தடிமன் கால் மில்லிமீட்டர்தான், அதனால் அதே அளவு சீலே போதும். முதல் ஸ்லீவ் அரை வழியில் ஒரு மயிரிழை சாய்ந்தது, நிமிர்த்தப் போய் காகிதம் மாதிரி சுருங்கிவிட்டது. இரண்டாவதுக்கு ஒரு தட்டு, நிறுத்து, நாலு பக்கமும் ஸ்கேல் வைத்து அளந்து பார், மறுபடி ஒரு தட்டு என்று முக்கால் மணி நேரம் பிடித்தது. இந்த மொத்த வேலையிலும் எனக்குத் திருப்தி தந்தது இந்த முக்கால் மணி நேரம்தான்.

சீல் வாங்குபவர்களுக்கு ஒன்று. அளவு சொன்னால் கடையில் டிசி என்ற வகை சாதாரண சீலை நீட்டுவார்கள். அது அரை பார் அழுத்தத்தையே தாங்கத் திணறும், நாம் ஸ்டியரிங்கை ஒடித்துப் பிடித்தால் உள்ளே 80 பார் வரைகூட ஏறும். ஸ்டியரிங்குக்கென்று வரும் பிரஷர் சீலையே கேளுங்கள். எனக்கு வந்த முதல் கிட்டில் சர்க்ளிப் தகரம் மாதிரி இருந்தது, பழையதையே போட்டேன்.

மூடியில் இருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூவுக்கு முன்பே குறி வைத்திருந்தேன், அதே இடத்தில் நிறுத்தினேன். பிளே (ஸ்டியரிங்கின் வெற்று ஆட்டம்) போகட்டும் என்று அதை இறுக்கினால் வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாகத் திரும்பாது. முன் சக்கரங்களைத் தூக்கி, எஞ்சினைப் போடாமலே 20 முறை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்பியதில் நுரை இல்லாமல் காற்று வெளியேறியது.

அடுத்து ரிட்டர்ன் ஹோஸ், ரப்பர் கப்ளிங் இரண்டையும் மாற்றும் எண்ணம். ஆனால் நேற்று மேலே, ஸ்டியரிங்கிலிருந்து பாக்ஸுக்குள் நுழையும் இன்புட் ஷாஃப்ட் பக்கம் விரலை வைத்தால் பிசுபிசுப்பு. பவுடர் தூவி வைத்திருக்கிறேன்.