112 சென்ட்: ஐயாவின் நந்தவனத்தைப் பூங்காவுக்கு எழுதிக் கொடுத்த அனுபவம்

எங்கள் ஊர் காரைக்குடியிலிருந்து அரை மணி நேரம். பெயரை எழுதவில்லை; கானாடுகாத்தானோ பள்ளத்தூரோ கோட்டையூரோ, இந்தப் பக்கத்தில் எந்த ஊராக இருந்தாலும் கதை இதுதான். இதே மாதிரி நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் இரண்டு மூன்று பேர் என்னிடம் விவரம் கேட்டார்கள். போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நிலம் 1 ஏக்கர் 12 சென்ட். ஊருணியின் வடகரையில் என் ஐயா, அதாவது அப்பச்சியை (அப்பாவை)ப் பெற்றவர், பிள்ளையார் கோயிலுக்குப் பூ எடுப்பதற்காக வைத்த நந்தவனம். அரளி, பிச்சி, நந்தியாவட்டை இருந்தது எனக்கே நினைவிருக்கிறது. இப்போது மிஞ்சியது இரண்டு இலுப்பை, ஒரு நாவல், வேம்புகள், அவற்றைச் சுற்றி மண்டிய சீமைக் கருவேலம். நிலத்தின் நடுவே வரத்துக்கால் போகிறது. மழை பெய்தால் மேட்டுத் தெருக்களின் தண்ணீர் முழுக்க அந்தக் கால் வழியாகத்தான் ஊருணியில் இறங்கும். செட்டிநாட்டு ஊர்களை அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். வீட்டுக் கூரைத் தண்ணீர் முற்றத்துக்கு, முற்றத்திலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து ஊருணிக்கு. செம்புறாங்கல் படிக்கட்டு வைத்த அந்த ஊருணி புறம்போக்கு, அது அரசாங்கத்துடையது. ஆனால் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் கால் எங்கள் பட்டா நிலத்தில் இருந்தது. எந்தக் கணக்கிலும் அது இல்லை.

2021 தை மாதம் மனை போடுகிற ஒருவர் விலை கேட்டு வந்தார். நல்ல விலைதான். அவர் கொண்டுவந்த வரைபடத்தில் 14 மனை, நடுவில் 23 அடி சாலை. வரத்துக்கால் இருந்த இடத்தில் ஏழாவது மனை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் தம்பிக்குப் போன் செய்து, "இதை ஊருக்கே கொடுத்துவிடலாம்டா" என்றேன். "சரிக்கா, ஆனா பங்கு எத்தனை பேருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டான். எண்ணிப் பார்த்தோம். 17 பேர். காரைக்குடி, சென்னை, கோயம்புத்தூர், ஈப்போ, சிங்கப்பூர்.

முதலில் பணப் பேச்சைச் சொல்லிவிடுகிறேன். 17 பேரில் எல்லோரும் சும்மா கொடுக்கச் சம்மதிக்கவில்லை. அது தப்பும் இல்லை. பெரியப்பா பேரன் ஒருவன், "பூங்காவுக்கு வேண்டுமென்றால் அரசாங்கமே கையகப்படுத்தட்டும், நமக்குச் சட்டப்படி இழப்பீடு வருமே" என்றான். அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. 1894ஆம் ஆண்டுச் சட்டம் போய், 2013இல் வந்த புதிய நிலம் கையகப்படுத்தும் சட்டம் 2014 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் சந்தை மதிப்பைக் கணக்கிட்டு, அதற்குச் சமமாக நூறு சதவீதம் ஆறுதல் தொகையும் சேர்த்துத் தர வேண்டும். ஆனால் அதற்குச் சமூகத் தாக்க மதிப்பீடு, முதல்நிலை அறிவிக்கை, ஆட்சேபணைக்கு 60 நாள், பிறகு விளம்புகை (நிலத்தை எடுக்கிறோம் என்ற அறிவிப்பு), தீர்வம் (இழப்பீட்டை முடிவு செய்யும் உத்தரவு) என்று போக வேண்டும். முக்கியமாக, பணம் கட்டுகிற அமைப்பு ஒன்று முன்வர வேண்டும். பேரூராட்சியில் விசாரித்தால் பூங்காவுக்கு நிலம் வாங்க நிதி இல்லை என்றார்கள். தானமாக வந்தால் வேலி, நடைபாதை, தூர்வாருதலுக்குத் திட்டம் கேட்கலாம் என்றார்கள். நியாயமான பதில். கடைசியில் பணம் வேண்டும் என்ற இரண்டு பேரின் பங்குக்கு நாங்கள் சிலர் சேர்ந்து தொகை கொடுத்து, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினோம். மனவருத்தம் எதுவும் இல்லாமல் முடிந்தது. உங்கள் குடும்பத்திலும் இப்படி வந்தால் வாதாடிக்கொண்டிருக்காமல் இந்த வழியை முதலிலேயே எடுத்துவிடுங்கள். நாங்கள் அதற்கு ஐந்து மாதம் வீணாக்கினோம்.

அப்புறம்தான் தாள் வேலை ஆரம்பித்தது.

இணையத்தில் பட்டா எடுத்துப் பார்த்தால் பெரியப்பா பெயர் மட்டும் இருந்தது. ஐயாவுக்கு மூன்று மகன், இரண்டு மகள். மற்ற நால்வரும் எங்கே? விசாரித்ததில் யூ.டி.ஆர். காலத்தில் நடந்த தவறு என்று தெரிந்தது. எண்பதுகளில் நில ஆவணங்களைப் புதுப்பித்தபோது ஊரில் இருந்தவர் பெயரைப் பதிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மற்றவர்கள் அப்போது மலேயாவிலும் மெட்ராஸிலும். இதைத் திருத்த மாவட்ட வருவாய் அலுவலருக்கு மனுப் போட்டு, மூலப் பத்திரம், வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்று எல்லாம் வைத்து விசாரணைக்குப் போனோம். 11 மாதம். இணையத்தில் எங்களுக்குக் கிடைத்த வில்லங்கம் 1975 வாக்கில் நின்றுவிட்டது. அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துப் பழைய புத்தகங்களில் தேடிக் கேட்க வேண்டியிருந்தது. ஈப்போவில் இறந்த சித்தப்பாவுக்கு அங்கே இறப்புச் சான்று உடனே கிடைத்தது. ஊரிலேயே இறந்த பெரியப்பாவுக்கு இறப்பே பதிவாகவில்லை! கோட்டாட்சியர் உத்தரவு வாங்கித் தாமதப் பதிவு செய்தோம்.

பெண் பிள்ளைகளின் கையெழுத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சீர்வரிசை கொடுத்துக் கட்டிக் கொடுத்தாயிற்று, இனி அவர்களுக்கு என்ன என்கிற பழக்கம் உண்டு. பத்திர எழுத்தரே, "ஆச்சி, அத்தைமார் பிள்ளைகளை எதுக்கு இழுக்கிறீங்க, ஆண் வாரிசுகள் போதும்" என்றார். போதாது. ஐயா காலமானது 1961இல், அது அவர் சுயசம்பாத்தியம். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளும் மகனைப் போல முதல் வகுப்பு வாரிசு. ஒரு கையெழுத்து குறைந்தாலும் நாளைக்கு யாராவது வழக்குப் போட்டுப் பூங்காவைப் பூட்டிவிடலாம். அத்தைமார் வழியில் ஐந்து பேர் வந்தார்கள். ஐந்து பேரும் ஒரு வார்த்தை மறுக்காமல் கையெழுத்திட்டார்கள்.

அடுத்த சிக்கல் நான் எதிர்பார்க்காதது. நந்தவனம் என்று கேட்டதும், "அப்போ இது கோயில் நிலமா?" என்று கேட்டார்கள். கோயில் நிலமென்றால் இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி துறையின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. பதிவுச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 22-ஏ பிரிவுப்படி சார்பதிவாளரும் பதிய மாட்டார். இரண்டாம் கட்டில் இருந்த பெட்டகத்தைத் திறந்து நானும் தம்பி மனைவியும் இரண்டு நாள் தேடினோம். கணக்குச் சிட்டைகள், ரங்கூன் தபால்கள், கல்யாண மொய்ப் பட்டியல். அடியில் துணியில் சுற்றி ஐயா கிரயம் வாங்கிய 1936ஆம் வருடப் பத்திரமும், அவர் பின்னால் எழுதி வைத்த ஓர் ஏற்பாட்டுச் சீட்டும் இருந்தன. சீட்டில் மசி பழுப்பேறி, மடித்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது. "மேற்படி நந்தவனத்துப் பூவை நித்தியப்படி பிள்ளையாருக்குச் சாத்தி வர வேண்டியது" என்று மட்டும் எழுதியிருந்தார். நிலத்தை எழுதி வைக்கவில்லை, பூவைத்தான் எழுதி வைத்திருந்தார். வக்கீல் அந்த ஒரு வரியை நான்கு தடவை படித்துவிட்டு, "இது போதும்மா" என்றார். அறநிலையத் துறையிலும் எழுதிக் கேட்டு, கோயில் சொத்துப் பதிவேட்டில் இந்தப் புல எண் இல்லை என்று பதில் வாங்கி இணைத்தோம். தானப் பத்திரத்தில் வடகிழக்கு மூலையில் பத்து சென்ட்டில் பூச்செடி வளர்த்துக் கோயிலுக்குப் பூ கொடுக்க வேண்டும் என்று ஒரு ஷரத்து சேர்த்தோம். ஐயா சொன்னதை நாங்கள் மீறவில்லை.

2016 அக்டோபருக்குப் பிறகு பேரூராட்சிகளில் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாமல் தனி அலுவலர்தான் இருந்தார். 2022 பிப்ரவரித் தேர்தலுக்குப் பின் மன்றம் வந்தது எங்களுக்கு நல்லதாயிற்று. தானத்தை ஏற்றுக்கொள்ளும் தீர்மானத்தை உறுப்பினர்கள் ஒருமனதாகப் போட்டார்கள். ஆனால் தீர்மானத்தின் முதல் வரைவில் "பொதுப் பயன்பாட்டுக்காக" என்றுதான் இருந்தது. நான் நகலைக் கேட்டு வாங்கிப் படித்ததால் தெரிந்தது. பொதுப் பயன்பாடு என்றால் நாளைக்கு வணிக வளாகமும் பொதுப் பயன்பாடுதான், குப்பைக் கிடங்கும் பொதுப் பயன்பாடுதான். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை மருத்துவமனை கட்டத் தனியாருக்குக் கொடுத்த பெங்களூர் வழக்கில், 1991இல் உச்ச நீதிமன்றம் பூங்காவைப் பூங்காவாகவே இருக்கச் சொன்னது. அங்கே அது பூங்கா என்று திட்டத்தில் எழுதியிருந்தது, அதனால் மக்கள் வாதாட முடிந்தது. இங்கேயும் அந்தச் சொல் இருக்க வேண்டும் என்று கேட்டேன். மூன்று வரைவுக்குப் பிறகு "பூங்கா, ஊருணி மற்றும் அதன் வரத்துக்கால் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டும்" என்று வந்தது. வேறு பயன்பாட்டுக்கு மாற்றினால் நிலம் எங்கள் வாரிசுகளுக்குத் திரும்ப வரும் என்ற ஷரத்தும் சேர்ந்தது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 126ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்களின் பவர் பத்திரம் பற்றிச் சுருக்கமாக. இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்ப வேண்டும், இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். ஈப்போவிலிருந்து வந்த பவரில் விற்க, அடமானம் வைக்க, குத்தகைக்கு விட என்றெல்லாம் இருந்தது; "தானமாகக் கொடுக்க" என்று இல்லை. எழுதியவர் பழைய மாதிரியைப் பார்த்து எழுதியிருக்கிறார். தானத்துக்குத் தனியாக அதிகாரம் கொடுத்திருந்தால்தான் செல்லும். மறுபடி எழுதி, மறுபடி கோலாலம்பூர் போய், மூன்று மாதம் போனது. முத்திரைத் தீர்வையை யார் கட்டுவது, விலக்கு உண்டா என்பதையும் பதிவுக்கு முன்பே பேசி எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பதிவு 2023 வைகாசியில். ஐயாவின் பிள்ளைகளில் உயிரோடு இருந்தது சின்ன அத்தை ஒருவர்தான், வயது 91. எழுந்து நடக்க முடியாது. அத்தை சார்பில் யாருக்காவது பவர் எழுதிவிடலாம் என்றார்கள். அத்தை, "எங்க அப்பச்சி நெலம், நானே கை வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். பதிவுச் சட்டத்தில் நடமாட முடியாதவர்கள் வீட்டுக்கே பதிவு அலுவலர் வருவதற்கு வழி இருக்கிறது. மருத்துவச் சான்றோடு மனுக் கொடுத்துக் கட்டணம் கட்ட வேண்டும். வந்தார்கள். வளவில் ஆத்தங்குடிக் கல் தரையில் கட்டிலைப் போட்டு அத்தையை உட்கார வைத்திருந்தோம். விரல் ரேகைக் கருவியில் கட்டைவிரல் பதியவே இல்லை. அத்தனை வருடம் அடுப்படியிலும் அம்மியிலும் தேய்ந்த விரல். துடைத்தோம், தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தோம், ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்தோம். அந்த அலுவலர் அவசரப்படவில்லை. இடது கை மோதிர விரல் ஏழாவது தடவையில் பதிந்தது. பத்திரத்தில் மசி தடவிய கைநாட்டு வைத்ததும் அத்தை, "அந்த நாவ மரத்த வெட்டிருவாகளா?" என்று கேட்டார். அதுவும் ஷரத்தில் இருக்கிறது அத்தை, வெட்ட மாட்டார்கள் என்றேன்.

பேரூராட்சி சார்பில் செயல் அலுவலர் அதே பத்திரத்தில் ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டார். இது முக்கியம். கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே வாங்குபவர் ஏற்றுக்கொண்டால்தான் தானம் செல்லும். அத்தை அந்த ஆவணியில் காலமானார். ஏற்பைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் அத்தையின் பங்கு மட்டும் அந்தரத்தில் நின்றிருக்கும்.

சிங்கப்பூரில் இருக்கும் தம்பி மகன், "அரசாங்கத்திடம் கொடுத்தால் காப்பாற்றுவார்களா?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் லீவில் வந்தபோது காரைக்குடியில் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) வாசலுக்குக் கூட்டிப்போனேன். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறந்த ஆய்வகம். இன்றைக்கும் அதே இடத்தில் நடக்கிறது. அங்கிருந்து நேரே ஊருணிக்குப் போய் உட்கார்ந்தோம். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. வேலிக்குப் பணம் அனுப்பினான்.

பத்திரம் பதிந்ததும் எல்லோரும் முடிந்தது என்று நினைத்தார்கள். என் அனுபவத்தில் பாதி வேலை அதற்குப் பிறகுதான். பட்டா மாறுதலுக்கு மனுப் போட்டு, வரத்துக்காலைத் தனி உட்பிரிவாகக் காட்ட வேண்டும் என்று கூடவே கேட்டேன். அது தேவையில்லை, நிலம் முழுக்க ஒரே பெயரில்தானே வருகிறது என்றார்கள். புல வரைபடத்தில் கால் இல்லையென்றால் பத்து வருடம் கழித்து நடைபாதை போடுகிறவருக்குக் கால் இருந்ததே தெரியாது. நான்கு முறை போனேன். சர்வேயர் ஒருவர் மாறி இன்னொருவர் வந்தார். புதியவர் இளைஞர். 2024 ஐப்பசியில், நல்ல மழை பெய்த மறுநாள் வந்தார். அவருக்கு நான் எதுவும் விளக்கவில்லை. முழங்கால் அளவுத் தண்ணீர் வரத்துக்காலில் ஓடிக்கொண்டிருந்தது, ஊருணியின் மூன்றாவது படி மூழ்கியிருந்தது. "இதுதானா ஆச்சி?" என்று கேட்டுவிட்டு, கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கி இரண்டு கரையையும் அளந்தார்.

போன மாதம் புதிய வரைபடத்தின் நகல் வந்தது. பேரூராட்சி பெயர், பூங்கா என்று வகைபாடு, நடுவே தனி உட்பிரிவு எண்ணோடு வாய்க்கால். அகலம் 2.4 மீட்டர். வடகிழக்கு மூலையில் பிச்சிக் கொடி பற்றிவிட்டது. கோயிலுக்கு இப்போதைக்கு வாரம் இரண்டு நாள் பூ போகிறது.