நோர்மல்தானே தம்பி?

"ஓம் அம்மா, எல்லாம் நோர்மல்தான்."

நான் சொன்னது இவ்வளவுதான். கேட்டவருக்கு 68 வயது, கொட்டாஞ்சேனைப் பக்கம். கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் 1.2. எங்கள் லாப் தாளில் அச்சாகும் எல்லை 1.3 வரை. எல்லை தாண்டினால் எழுத்து தடிப்பாக விழும், விழவில்லை. பின்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அவர் ரிப்போர்ட்டை நாலாக மடித்து, புடவைக்கடைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அடுத்த வருடம் வந்தபோது 1.6.

"டொக்டர் போன தரம் என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"நீங்கள்தானே சரி என்று சொன்னீங்கள் தம்பி. அதுதான் போகேல்ல."

முழங்கால் வலிக்கு ஃபாமசியில் வாங்கும் டைக்குளோஃபெனாக் குளிசையை அந்த வருடம் முழுக்கப் போட்டிருக்கிறார். சீனி வருத்தமும் பிரஷரும் ஏற்கனவே உண்டு. மூன்றுமே கிட்னியைக் கெடுக்கக்கூடியவை.

ரிப்போர்ட்டுக்கு விளக்கம் சொல்வது என் வேலை இல்லை. அதை டொக்டர்தான் சொல்ல வேண்டும். இப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் 'நோர்மல்' என்றதும் விளக்கம்தானே? வயதையும் பாலினத்தையும் சேர்த்து ஈ.ஜி.எஃப்.ஆர்., அதாவது கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கைப் போட்டால் அந்த 1.2 என்பது 49. அறுபதுக்குக் கீழே என்றால் கவனிக்க வேண்டும். இப்போது 35. தசை குறைந்த வயதான பெண்களுக்கு கிரியேட்டினின் ஏறாமலே கிட்னி தளர்ந்திருக்கும் என்று படித்துத்தான் பாஸ் பண்ணினேன்.

அன்றிரவு, அந்த வாரத்து ரிப்போர்ட்டுகளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அறுபதுக்குக் கீழே இருந்தவர்களை எண்ண இரண்டு கை விரல் போதவில்லை. அவர்களில் பலருக்கு எழுத்து தடிப்பாக விழவே இல்லை. சரி, ஒரு தடவை குறைந்தால் அது நோயாகிவிடாது, மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும். லாப்புக்கு வருகிறவர்களே பாதி வருத்தக்காரர்கள். அதை வைத்து ஊருக்கே கணக்குச் சொல்லவும் முடியாது. ஆனாலும் உலகத்தில் வளர்ந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்த நீடித்த கிட்னி வருத்தம் இருக்கிறது. கிட்னி வருத்தம் என்றால் எங்கள் ஆட்களுக்கு விவசாயிகளிடம் அது பரவிய அநுராதபுரம், மதவாச்சி, வயல், கிணற்றுத் தண்ணீர்தான் ஞாபகம் வரும். கொழும்பில் பைப் தண்ணீர் குடிக்கிறவர்களுக்கென்ன என்று ஒரு தைரியம். இங்கே அது சீனி வருத்தத்தோடும் பிரஷரோடும் சத்தமில்லாமல் வருகிறது. ஆரம்பத்தில் வலியில்லை, சலம் போவதிலும் வித்தியாசம் தெரியாது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் டொக்டரிடம் போயிருப்பாரா? தெரியாது. போகாமலும் இருந்திருக்கலாம். காசு, பஸ், முழங்கால் என்று ஆயிரம் காரணம். சில நாள் இந்த நினைப்பு ஆறுதலாக இருக்கிறது. சில நாள் அது என் வசதிக்காக நான் கண்டுபிடித்த காரணம்போலப் படுகிறது.

இப்போது யார் கேட்டாலும் "டொக்டரிடம் காட்டுங்கோ" என்று மட்டும் சொல்கிறேன். போன கிழமை ஒரு ஐயாவுக்கும் அதையே சொன்னேன். முகம் வெளிறிப்போய், "அப்ப ஏதோ இருக்குத்தானே?" என்றார். அவருக்கு உண்மையிலேயே ஒன்றுமில்லை. கணக்கும் போட்டுப் பார்த்திருந்தேன். "டொக்டரிடம் காட்டுங்கோ ஐயா" என்றேன் மறுபடியும். அவர் கவுண்டர் விளிம்பைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.