வக்கீல் நோட்டீசுக்கு முன் மூன்று நாள்: காரைக்குடிக் குறிப்புகள்

ஜனவரி 17

பிரிந்துவிடலாமா என்று யோசிக்கும் தம்பதியைப் பயணம் சேர்த்து வைக்குமா? சிலருக்கு உதவும். யார் போகவே கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். அடி, மிரட்டல், ஓயாத வேவு பார்த்தல் உள்ள வீட்டிலிருந்து யாரும் இப்படிக் கிளம்ப வேண்டாம். தெரியாத ஊரில், பூட்டிய அறையில் அடிபடும் பெண்ணுக்கு ஓடிப்போய் நிற்க ஒரு வாசல் இருக்காது. அவர் அழைக்க வேண்டியது பெண்கள் உதவி எண் 181. குடிப்பழக்கம் என்றால் சிகிச்சை முந்தி, ரயில் டிக்கெட் பிந்தி. பேச்சே நின்றுபோனவர்களுக்கும், வாயைத் திறந்தாலே சண்டையாகிறவர்களுக்கும்தான் இனி வரும் குறிப்புகள்.

ஜனவரி 18

வழக்கு போட்டிருந்தால் வக்கீலிடம் சொல்லாமல் கிளம்பாதீர்கள். 1955ஆம் வருட இந்துத் திருமணச் சட்டம் 13பி பிரிவில், இருவரும் சம்மதித்துப் பிரிய ஒரு வருடம் தனித்தனியாக வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்டபின் 6 மாதம் பொறுக்க வேண்டும். சேர வழியே இல்லை என்று தெரிந்தால் நீதிமன்றம் அந்தக் காத்திருப்பை விலக்கிவிடலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த 6 மாதம் மறுபடி யோசிக்கக் கொடுத்த அவகாசம். பயணத்துக்கு ஏற்ற காலமும் அதுதான். கொடுமை என்று வழக்கு போட்டவர்கள் கூடுதல் கவனமாக இருக்கணும். சேர்ந்து தங்கியதைக் காட்டி, ‘நடந்ததை மன்னித்துவிட்டார்’ என்று எதிர்த்தரப்பு வாதாட இடமுண்டு. அதனால் அறை இரண்டு. செலவு கூடினாலும் இதில் கை வைக்காதீர்கள். வழக்கு இல்லாதவர்களுக்கும் அப்படியே. ஒரே அறை என்றால் ராத்திரி என்ன எதிர்பார்ப்பார்களோ என்ற பதற்றம் பகலிலேயே தொடங்கிவிடும்.

ஜனவரி 20

பயணத்துக்குக் கானாடுகாத்தான் போதும், செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் உள்ள ஊர். காரைக்குடியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். மூன்று இரவுக்கு மேல் வேண்டாம். தை மாதம் என்பதால் முகூர்த்த நாளைப் பார்த்து ஒதுக்குங்கள். பெரிய வீடுகளில் கல்யாணம் நடக்கும். பிரிய நினைப்பவர்கள் காலை ஐந்து மணிக்கு நாதஸ்வரத்தில் கண்விழிப்பது வேதனை.

இந்த ஊர் வீடுகளைச் சுற்றிப் பார்க்கும்போது வளவை, அதாவது உள்முற்றத்தை, நிதானமாகப் பாருங்கள். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். நகரத்தார் வழக்கத்தில் கல்யாணமான மகனையும் மருமகளையும் ‘வேறு வைப்பார்கள்’. ஒரே கூரைக்குக் கீழே அவர்களுக்கென்று தனி அறை, தனி அடுப்பு. மாமியார் மருமகள் சண்டையில் பாதி அடுப்படியில்தான் பிறக்கிறது என்பதை அந்தக் காலத்திலேயே கண்டுகொண்டவர்கள். தனிக்குடித்தனம்தான் உங்கள் தகராறு என்றால், அந்தப் பேச்சைத் தொடங்க வளவை விட நல்ல இடம் கிடையாது.

பணம் ஆளுக்குப் பாதி, கிளம்பும் முன்பே தனிக் கவரில். வீட்டுக்குப் போன் ஒரு நாளைக்கு ஒருமுறை, 15 நிமிஷம். ‘என்னப்பா, அவ இறங்கி வந்தாளா?’ என்று ஒரு கேள்வி வந்தால் அன்றைய பொழுது போச்சு. தாத்தா வீட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் ‘அப்பாவும் அம்மாவும் சேரப் போறாங்க’ என்று யாரும் ஆசை காட்டக் கூடாது.

ஜனவரி 21

காலையில் ஒரு வேலை, சாயங்காலம் 20 நிமிஷப் பேச்சு. மற்ற நேரமெல்லாம் சும்மா இருங்கள்.

வேலைக்கு ஆத்தங்குடி, கையால் பூப்போட்ட தரைக்கல் செய்யும் ஊர். உளவியலாளர் ஆர்தர் ஏரனும் அவருடன் சேர்ந்தவர்களும் 2000இல் வெளியிட்ட ஆய்வில், பழகாத புதிய காரியத்தைச் சேர்ந்து செய்த தம்பதிகளுக்கு உறவில் நிறைவு கூடியது தெரிந்தது. கேட்டுக்கொண்டால் சில பட்டறைகளில் ஒரு கல் போட விடுவார்கள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. ஒவ்வொரு கட்டத்திலும் கலர் சிமெண்டுக் குழம்பை ஊற்றணும். ஒருவர் ஊற்ற, மற்றவர் அச்சைத் தூக்கட்டும். நேராகத் தூக்கணும், கொஞ்சம் சாய்ந்தாலும் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். பிறகு ஈரத்தை உறிஞ்ச உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன் மேல் கலவை. கலர் ஓடின அந்த நொடியில் ‘உன்னாலதான்’ என்று வருகிறதா, ‘இன்னொன்னு போடலாமா’ என்று வருகிறதா, கவனியுங்கள். குடும்ப ஆலோசகருக்கு ஒரு மணி நேரப் பேச்சில் கிடைக்காதது இதில் தெரியும். நாட்கணக்கில் தண்ணீரில் ஊற வேண்டும் என்பதால் கல் அன்றே கைக்கு வராது.

பேச்சுக்குத் தெருவில் நடப்பது நல்லது. முகத்துக்கு முகம் பார்க்கும் கட்டாயம் இல்லை. ‘நீங்க எப்பவும் உங்கம்மா பக்கந்தான்’ என்று எடுத்தால் அங்கேயே முடிந்தது. ‘அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நீங்க பேசாம நின்னப்ப எனக்கு யாருமில்லைன்னு தோணுச்சு’ என்று ஒரு நாளை, ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். மனசு படபடத்தால் மணிக்கட்டில் நாடி பிடியுங்கள். 15 விநாடியில் 25 துடிப்பைத் தாண்டினால் நிமிஷத்துக்கு 100க்கு மேல். அந்த நிலையில் காதில் எதுவும் ஏறாது என்பது தம்பதிகளை ஆராய்ந்த உளவியலாளர் ஜான் காட்மேனின் ஆய்வுகள் காட்டியது. 20 நிமிஷமாவது தனித்தனியாக இருந்துவிட்டுத் தொடருங்கள். அந்த நேரத்தில் பதிலடி யோசித்தால் நாடி இறங்காது.

ஜனவரி 23

பெரும்பாலும் கெடுவது ஊருக்குத் திரும்பக் கிளம்பும் நாள்தான். பெட்டி கட்டும்போது, ‘அப்ப என்ன முடிவு?’ என்று ஒருவர் கேட்டுவிடுவார். முடிவைப் பயணத்தில் எடுக்க வேண்டாம். சேர்வதானாலும் சரி, பிரிவதானாலும் சரி. ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து ஆலோசகரைப் பார்க்க, கிளம்புமுன்பே தேதி வாங்கியிருக்கணும். அதுவரை அந்த 20 நிமிஷப் பேச்சு வீட்டிலும் நடக்கட்டும், சமையற்கட்டுக்கு வெளியே. எத்தனை நாள் நடந்தது, எத்தனை நாள் விட்டுப்போனது என்று ஆளுக்கொரு தாளில் குறித்து எடுத்து வாருங்கள். மற்றவர் தாளைப் பார்க்க வேண்டாம்.