மதர்போர்டு மாற்றினேன், ஃபார்மட் செய்யவில்லை

திருவல்லிக்கேணியில் சின்னதாக ஒரு டிடிபி சென்டர் நடத்துகிறேன். உப்புக் காற்றில் பழைய மதர்போர்டின் யுஎஸ்பி போர்ட்டுகள் துருப்பிடித்தன, அப்புறம் கம்ப்யூட்டர் தானாகவே ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரித்தால் போன கடையிலெல்லாம் ஒரே பதில்: "போர்டு மாத்துனா ஃபார்மட் அடிச்சுத்தான் சார் ஆகணும்."

எனக்கு அது ஒத்துவராது. ஃபைல்களைக் காப்பி எடுத்துவிடலாம். ஆனால் பழைய தமிழ் எழுத்துருக்களோடு வந்த சில மென்பொருள்களின் சிடி இப்போது யாரிடமும் இல்லை. பத்து வருஷத்துக் கல்யாணப் பத்திரிகைகள் அவற்றில்தான் திறக்கும்.

உண்மையில் விண்டோஸ் 10, 11 இரண்டுமே புதிய போர்டைக் கண்டால் பெரும்பாலும் தானே டிரைவர்களை மாற்றிக்கொண்டு எழுந்துவிடும். முக்கியமான வேலையெல்லாம் பழைய போர்டு உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டியது. முதலில் முழு டிஸ்க்கையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் இமேஜாக, அதாவது விண்டோஸோடு சேர்த்து அப்படியே ஒரு நகலாக, எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது லைசென்ஸ். கமாண்ட் பிராம்ப்ட்டில் 'எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்ஐ' என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் அது ரீடெயிலா (தனியாக வாங்கியது) ஓஇஎம்மா (கம்ப்யூட்டரோடு வந்தது) என்று காட்டும். ஓஇஎம் என்றால் பழைய போர்டோடு போய்விடும், புதிதாக வாங்கத்தான் வேண்டும். என்னுடையது ரீடெயில். அதை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டோடு இணைத்து, கம்ப்யூட்டருக்கு அடையாளம் தெரிகிற மாதிரி ஒரு பெயரும் வைத்தேன். அந்தப் பெயர் பின்னால் ரொம்ப உதவியது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது பூட் முறைதான், அதாவது ஆன் செய்ததும் போர்டு விண்டோஸை எழுப்பும் விதம். என் விண்டோஸ் பழைய லெகஸி முறையில், அதற்கேற்ற எம்பிஆர் என்ற டிஸ்க் அமைப்பில் இருந்தது. நான் வாங்கவிருந்த 12ஆம் தலைமுறை இன்டெல் போர்டில், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் லெகஸி பூட் நடக்காது, புதிய முறையான யுஇஎஃப்ஐ மட்டும்தான். அப்படியே மாட்டியிருந்தால் டிஸ்க் நன்றாக இருந்தும் விண்டோஸ் வந்திருக்காது. கடைக்காரர்கள் ஃபார்மட் என்று கைவிரிப்பது பல நேரம் இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். டிஸ்க்கை யுஇஎஃப்ஐ கேட்கும் ஜிபிடி அமைப்புக்கு மாற்ற விண்டோஸிலேயே 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவி 2017 முதல் இருக்கிறது. முதலில் வேலிடேட் கொடுத்துச் சோதித்து, அப்புறம் கன்வர்ட் கொடுத்தேன். டேட்டா எதுவும் அழியவில்லை. பழைய போர்டின் பயாஸிலேயே (போர்டின் அடிப்படை செட்டிங்ஸ்) யுஇஎஃப்ஐக்கு மாற்றி, பூட் ஆவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கேபினட்டைத் திறந்தேன்.

டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் என்னிடம் ஆனில் இல்லை. உங்களிடம் இருந்தால் கழற்றும் முன் ஆஃப் செய்யுங்கள், ரெக்கவரி கீயையும் தாளில் எழுதி வையுங்கள். சாவி பழைய போர்டின் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியில் இருப்பதால், ஆஃப் செய்யாமல் மாட்டினால் புதிய போர்டில் நிச்சயம் அந்த 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். புதிய போர்டின் லேன் (நெட் இணைப்பு) டிரைவரையும் பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். நெட் இல்லாமல் ஆக்டிவேஷன் நடக்காது.

மாட்டிய பின் பயாஸில் சாட்டா முறை, அதாவது டிஸ்க்கோடு போர்டு பேசும் விதம், பழையபடி ஏஹெச்சிஐ தானா என்று பார்த்தேன். அது மாறியிருந்தால் நீலத் திரைதான் வரும். ஆன் செய்ததும் டிவைஸ்களைத் தயார் செய்வதாகச் சதவீதம் ஓடியது, ஒருமுறை ரீஸ்டார்ட் ஆனது, என் டெஸ்க்டாப் அப்படியே வந்து நின்றது. அந்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

எதிர்பார்த்தபடி ஆக்டிவேஷன் போயிருந்தது. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் ட்ரபிள்ஷூட்டரை ஓட்டி, சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றியதாகச் சொல்லும் வரியைத் தேர்ந்தெடுத்தேன். பட்டியலில் நான் வைத்த பெயர் இருந்தது, அதைத் தொட்டதும் ஆக்டிவேட் ஆகிவிட்டது. விண்டோஸில் நுழையும் பின் (PIN) நம்பரை மட்டும் புதிதாக வைக்கச் சொன்னது. அதற்கு அக்கவுண்ட் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்க வேண்டும்.

சிப்செட் டிரைவர் போட்ட பிறகு யுஎஸ்பியும் பிரிண்டரும் சரியாக ஓடுகின்றன. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், அடுத்து இதே இன்ஸ்டாலேஷனின் மேலேயே 11க்கு அப்கிரேடு செய்யப்போகிறேன். அதுவரை அந்த இமேஜை அழிக்க மாட்டேன்.