கலேரோ நீர்த்தேக்கத்தில் மார்ச் முதல் டிசம்பர் வரை

கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரின் தெற்கு ஓரத்தில், சான்டா கிளாரா கவுண்டியின் பூங்காவுக்குள் இருக்கிறது கலேரோ நீர்த்தேக்கம். 1935இல் கட்டப்பட்ட அணை அது. கடந்த மார்ச் முதல் டிசம்பர் வரை, பெரும்பாலும் சனிக்கிழமைகளில், அதன் கரையில் நின்று தூண்டில் போட்டேன். மாநில மீன்பிடி உரிமம், ஆறரை அடிக் கோல், எட்டு பவுண்டு இழுவை தாங்கும் தூண்டில் நரம்பு, ஒரு பெட்டி பிளாஸ்டிக் புழுக்கள் ஆகியவையே என் முதலீடு.

இங்கே பிடிக்கும் மீனைச் சமைக்கக் கூடாது. அருகிலுள்ள நியூ அல்மேடனில் 1840களிலிருந்து பாதரசம் எடுத்தார்கள். தங்க வேட்டைக் காலத்தில் பொன்னைப் பிரிக்க அது பெருமளவில் பயன்பட்டது. அந்தச் சுரங்கப் பகுதியின் பாதரசம் இந்த நீரிலும் கலந்து, சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறிக்கொண்டே போவதால், கலேரோவின் மீன் எதையும் உண்ண வேண்டாம் என்பது அரசின் அறிவுரை. “குழம்புக்கு ஆகாத மீனை எதுக்குப்பா மெனக்கெட்டுப் பிடிக்கிற?” என்று ஊரிலிருந்து அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பிடித்ததைத் திரும்ப நீரில் விடத்தான் போகிறோம் என்பதால், தூண்டில் முள்ளில் பின்னோக்கி நிற்கும் சிறு கூர்முனையைக் குறடால் நசுக்கிவிட்டேன்; மீனின் வாயிலிருந்து முள் இப்போது எளிதில் கழன்றுவிடுகிறது.

மார்ச் மாதம் முழுவதும் ஆழத்தில் எறிந்து வெறுங்கையோடு திரும்பினேன். ஏப்ரலில், நூலில் கட்டிய வெப்பமானி 62 பாரன்ஹீட் காட்டிய ஒரு காலையில்தான், மீன்கள் என் காலடியிலேயே, முழங்கால் ஆழத்தில் இருப்பதைக் கண்டேன். லார்ஜ்மவுத் பாஸ் என்னும் பெருவாய் மீன், நீர் அறுபது பாகையைத் தாண்டும் வேளையில் கரையோரம் வந்து, ஆண் மீன் வாலால் சரளையைத் துடைத்து ஒரு வட்டம் அமைக்க, அதில் முட்டையிடுகிறது. முட்டையைக் காக்கும் ஆண் மீன், அருகில் வரும் எதையும் பசியில்லாமலேயே கடிக்கும். அதைப் பிடித்து அகற்றிய சில நிமிடங்களில் புளூகில் என்னும் சிறு மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும் என்பதால், வட்டங்கள் தெரிந்த இடங்களில் நான் தூண்டில் போடவில்லை.

மே மாதத்தில் என் மிகப் பெரிய மீனைத் தவறவிட்டேன். கோல் வளைந்தது, ரீல் கத்தியது, பிறகு ஒன்றுமில்லை. சுற்றி எடுத்துப் பார்த்தால் நரம்பின் நுனி சுருள்சுருளாக இருந்தது. நரம்பு அறுந்திருந்தால் நுனி அப்படிச் சுருண்டிருக்காது. சுருண்டிருந்தால் முடிச்சு உருவிக்கொண்டது என்று பொருள். எச்சிலால் நனைக்காமல் அவசரமாக இறுக்கிய முடிச்சு அது. பழி முழுவதும் என்னுடையதுதான்.

கோடையில் நீர் அடுக்குகளாகப் பிரிகிறது. வெதுவெதுப்பான மேல்நீர் குளிர்ந்த அடிநீரோடு கலக்காததால், அடியில் ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. மீன் எவ்வளவுதான் குளிர்ச்சியைத் தேடினாலும் அங்கே தங்க முடியாது. ஆழம்தான் குளிர்ச்சி என்று நம்பி ஜூலை முழுவதையும் நான் வீணடித்தது இதை அறியாமல்தான். பாதரசத்தை மீனின் உடலில் எளிதில் சேரும் வடிவத்துக்கு நுண்ணுயிர்கள் மாற்றுவதும் அதே ஆக்சிஜனற்ற அடிநீரில்தான் என்று பிறகு படித்தபோது, இரண்டு சங்கதிகளும் ஒன்றாகப் பொருந்தின. ஆகஸ்டில் விடியலுக்கு மட்டும் சென்று, நாணல் ஓரமாக மேல்நீரிலேயே இழுத்தேன். ஒன்பது மணிக்கு மேல் நிற்பது வெயில் காய்வதற்குச் சமம்.

அக்டோபரில் சிறு மீன் கூட்டங்களை பாஸ் துரத்தியபோது நீர் கொதிப்பதுபோல் இருந்தது. அதைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை; யார் எறிந்தாலும் மாட்டும்.

டிசம்பரில் வெப்பமானி 51 காட்டியது. குளிர்ந்த மீன் ஓடி வந்து கடிக்காது என்பதால், ஈயக்குண்டை அடியில் கிடத்தி, கோலை ஒரு சாண் இழுத்து, இருபது எண்ணும்வரை காத்திருந்து மீண்டும் இழுத்தேன். மூன்று மணி நேரத்துக்குப் பிறகு, ஈரத் துணி மாட்டிக்கொண்டதுபோல ஒரு கனம். நனைத்த கையால் அதன் கீழ்த்தாடையைப் பிடித்து நீரில் நிமிர்த்தி வைத்திருந்தேன். செவுள் நான்கைந்து முறை மெல்லத் திறந்து மூடியது, பிறகு வாலால் என் சட்டைக் கையை நனைத்துவிட்டு இறங்கிப் போயிற்று.